தண்ணீர்மேல் நடக்கும் சிலந்தி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மணலி புதுநகரின் காலிமனைகளில் நீர் தேங்கி, சுற்றிலும் கோரை முளைத்துவிடும். அந்தக் குட்டைகளே நமக்கு ஆய்வுக்கூடம். எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசை நடத்தும்போது மாணவர்களைக் கரையோரம் அழைத்துச் சென்று பாருங்கள்.

நீரின்மேல் வழுக்கி ஓடும் ஒன்றைக் காட்டி, "சார், சிலந்தி!" என்பார்கள். கால்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்றால் அது பூச்சி. முன்னிரண்டு கால்கள் குட்டையாக இருப்பதால் சிலர் நான்கு என்றே எண்ணுவார்கள். உண்மையான சிலந்திக்கு எட்டு.

நெல்வயல்களில் புகையானையும் தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி நீர்மேல் நன்றாகவே ஓடும். உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தாய்ச்சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிச் சுமக்கும்; குஞ்சுகள் பொரிந்ததும் முதுகில் ஏறிக்கொள்ளும். நீண்ட தாடைச் சிலந்தியோ நீருக்கு மேலே செடிகளுக்கிடையில் வலை பின்னி, பகலில் புல்லின்மேல் குச்சிபோல் நீட்டிப் படுத்திருக்கும். கண்டுபிடிப்பவருக்கு ஒரு சபாஷ் கொடுக்கலாம். நீருக்குள்ளேயே காற்றுக்கூடு கட்டி வாழும் சிலந்தியை யாராவது காணொளியில் பார்த்திருப்பார்கள். அது ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் வாழ்வது. நம் குட்டையில் தேட வேண்டாம்.

நீர் இவற்றை எப்படித் தாங்குகிறது? கால்களில் உள்ள நுண்மயிர்கள் நனைவதில்லை. நீர்ப்பரப்பு கிழியாமல் குழிந்து கொடுத்து எடையைத் தாங்குகிறது. மீன்பிடிச் சிலந்திகள் அந்தப் பரப்பில் எழும் சிற்றலையைக் காலால் உணர்ந்தே இரையை அறிகின்றன.

வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். ஒரு டம்ளர் நீரில் டிஷ்யூ பேப்பர் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் ஊசியை வையுங்கள். நனைந்த காகிதத்தைக் குச்சியால் மெதுவாக அமுக்கினால் ஊசி மட்டும் மிதக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு சோப்புநீர் விடுங்கள், ஊசி மூழ்கும். தூய நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியசில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு நிகழ்வு வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. மீனுக்கும் வலைக்கும் படகுக்கும் நேர்ந்ததை அவர்களே சொல்வார்கள். நீர்ப்பரப்பையே தரையாகக் கொண்ட சிற்றுயிருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பின் இயல்பை மாற்றுகிறது, கால்மயிர்களிலும் அப்பிக்கொள்கிறது. நனையாத கால் நனையத் தொடங்கும்.

எண்ணெய் மிதக்கும் நீரை மாணவர்கள் தொடக்கூடாது; கால்வாய் ஓரத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டாம். சிலந்திகளைக் கையால் பிடிக்கவும் விடாதீர்கள். பள்ளிக்கு அருகே தெளிந்த குட்டை ஒன்றும் எண்ணெய் மினுங்கும் குட்டை ஒன்றும் இருந்தால், தள்ளி நின்று பத்து நிமிடம் எண்ணி எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் உடனே எண்ணெய்தான் காரணம் என்று முடித்துவிட வேண்டாம். கோரையின் அடர்த்தி, நிழல், குட்டையின் அளவு என வேறு என்னென்ன மாறியிருக்கின்றன என்பதை மாணவர்களே பட்டியலிடட்டும்.