எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டை விளையாட்டு: பெற்றோருக்கான ஓர் அறிமுகம்

தொலைக்காட்சியில் எண்கோணக் கூண்டுக்குள் இருவர் மோதுவதை எமது இளைஞர்கள் பலர் விரும்பிப் பார்க்கின்றனர். சிலர் பயிற்சிக் கூடத்தில் சேரவும் கேட்கின்றனர். "இது சண்டியர் வேலை" என்று ஒரேயடியாக மறுக்கும் பெற்றோரும் உள்ளனர். "கராத்தே மாதிரித்தானே" என்று விசாரிக்காமல் அனுப்பிவிடும் பெற்றோரும் உள்ளனர். இரண்டுமே சரியல்ல. இந்த விளையாட்டு என்ன, இதில் உடலுக்கு எங்கே ஆபத்து என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

தோற்றமும் வளர்ச்சியும்

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, தாய்லாந்தின் முவே தாய், பிரேசிலிய ஜியு-ஜிட்சு ஆகியவற்றின் நுட்பங்களை ஒரே போட்டியில் பயன்படுத்துவதே எம்.எம்.ஏ. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எவ்.சி. அமைப்பின் முதற் போட்டி நடந்தது. அப்போது எடைப் பிரிவுகளோ புள்ளி வழங்கும் நடுவர்களோ இல்லை. தன்னைவிடப் பருமனானவர்களைத் தரையில் வீழ்த்தி, கழுத்தை மடக்கிப் பணியவைத்த பிரேசில் வீரர் ரொய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்று பட்டம் பெற்றார்.

இதைச் சேவற்சண்டைக்கு ஒப்பிட்டுக் கண்டித்த செனட்டர் ஜோன் மக்கெயின், 1990களில் இதற்கு எதிராகப் பிரசாரம் செய்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. பின்னர் நியூ ஜேர்சி மாநிலத்தில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் பொது விதிகள் வகுக்கப்பட்ட பிறகே இது ஒழுங்கான விளையாட்டாக மாறியது. ஒன்ராறியோவில் 2011இல் அனுமதி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ரொறன்ரோவில் நடந்த யு.எவ்.சி. போட்டியை 55,000 பேருக்கு மேல் நேரில் பார்த்தனர். கனடாவின் குற்றவியற் சட்டம் 2013இல் திருத்தப்பட்டது. நியூ யோர்க் மாநிலம் 2016இல்தான் அனுமதித்தது.

முக்கிய விதிகள்

* ஒரு சுற்று 5 நிமிடம். சாதாரணப் போட்டிக்கு 3 சுற்றுகள், பட்டப் போட்டிக்கு 5 சுற்றுகள். இடையில் 1 நிமிட ஓய்வு.
* எதிராளி நினைவிழந்தால், தன்னைக் காக்க முடியாமற் போனால், அல்லது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால் போட்டி முடிந்துவிடும். வைத்தியரின் ஆலோசனைப்படியும் நிறுத்தப்படலாம். இல்லையேல் மூன்று நடுவர்களின் புள்ளிகள் முடிவு செய்யும்.
* கண்ணைக் குத்துதல், கடித்தல், தலையால் முட்டுதல், பிறப்புறுப்பில் அடித்தல், பின்தலையிலும் முள்ளந்தண்டிலும் அடித்தல், தரையில் இருப்பவரின் தலையில் உதைத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டவை.
* எடைப் பிரிவுகள் உண்டு. உதாரணமாக, லைட்வெயிட் பிரிவின் எல்லை 155 இறாத்தல் (சுமார் 70 கிலோ).

மூளைக்கு நேரும் ஆபத்து

விரல்கள் வெளியே தெரியும் எம்.எம்.ஏ. கையுறை சுமார் 4 அவுன்ஸ் எடையுள்ளது. அது கை எலும்பைக் காக்கும். அடி வாங்குபவரின் மூளையைக் காக்காது. அடியின் வேகத்தில் மண்டையோட்டுக்குள் மூளை அசைந்து குலுங்குவதே மூளை அதிர்ச்சி. நினைவிழக்காமலும் இது ஏற்படலாம்.

அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து ஆண்டு காலப் போட்டிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். எம்.எம்.ஏ. வீரர்களில் 59 வீதத்தினரும் குத்துச்சண்டை வீரர்களில் 50 வீதத்தினரும் ஏதோவொரு காயம் அடைந்திருந்தனர். ஆனால் நினைவிழந்தோர் எம்.எம்.ஏ.யில் சுமார் 4 வீதம், குத்துச்சண்டையில் 7 வீதம். ஆகவே "குத்துச்சண்டையை விடப் பாதுகாப்பானது" என்பதும் "அதைவிட மோசமானது" என்பதும் அரைகுறை உண்மைகளே. இரண்டிலும் தலைக்கு அடி விழுகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் அடிகளே பெரிய கவலை.

எடை குறைக்கும் பழக்கம்

போட்டிக்கு முதல் நாள் எடை பார்க்கப்படும். அதற்காகப் பலர் தண்ணீர் குடிக்காமலும், வெந்நீர்த் தொட்டியிலும் சோனா அறையிலும் வியர்த்தும் சில நாட்களில் பல கிலோ குறைக்கின்றனர். இது கொழுப்பல்ல, உடலின் நீர். இதனால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படலாம். 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் போட்டிக்காக எடை குறைத்தபோது உயிரிழந்தார். அதன் பின் அப்போட்டியை நடத்திய வண் சம்பியன்ஷிப் நிறுவனம், நீரிழப்பால் எடை குறைப்பதைத் தடை செய்து, வீரர்களின் சிறுநீரைப் பரிசோதிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் எவரும் இம்முறையைப் பின்பற்றக் கூடாது.

பயிற்சி வேறு, தொழில்முறைப் போட்டி வேறு

ஜியு-ஜிட்சு, ஜூடோ, மல்யுத்தம் போன்றவற்றில் குத்துகளும் உதைகளும் இல்லை. அவை உடல் வலிமை, சமநிலை, தன்னம்பிக்கை, கட்டுப்பாடு ஆகியவற்றை வளர்க்கும். ஆர்வமுள்ள பிள்ளையை இவற்றிலிருந்து தொடங்கவிடலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை நேரில் பார்த்து இவற்றைக் கேளுங்கள்:

1. பிள்ளைகளின் வகுப்பில் தலையில் அடிக்க அனுமதி உண்டா?
2. வயது, எடை பார்த்துச் சோடி சேர்க்கிறார்களா?
3. தலையில் அடிபட்டால் உடனே நிறுத்தும் நடைமுறை என்ன?
4. பயிற்றுநருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா?
5. விரிப்புகள் தினமும் சுத்தம் செய்யப்படுகின்றனவா? (படர்தாமரை போன்ற தோல் நோய்கள் இங்கு எளிதில் தொற்றும். பயிற்சி முடிந்ததும் குளிக்க வேண்டும். துவாயைப் பகிரக் கூடாது.)

தலையில் அடிபட்டால்

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி உணர்வு, குழப்பம், வெளிச்சம் பொறுக்காமை, எரிச்சல் ஆகியவை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். விளையாட்டை உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு. பின்னர் படிப்படியாகப் பாடசாலை. இறுதியாக, வைத்தியர் அனுமதித்த பின்னரே விளையாட்டு. மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கை கால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 911ஐ அழையுங்கள்.

ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, றக்பி விளையாட்டில் சில நாட்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தார். முதல் அடிக்குப் பின் ஓய்வெடுக்காததே அவரது உயிரைப் பறித்தது. அவரது பெயரால் ஒன்ராறியோவில் 2018இல் 'ரோவன் சட்டம்' நிறைவேறியது.

வீட்டில் திட்டு விழும் என்று பயந்து, அடிபட்டதை மறைக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். எந்த விளையாட்டானாலும், "தலையில் அடிபட்டால் முதலில் எங்களிடம் சொல், ஏச மாட்டோம்" என்று இன்றே உங்கள் பிள்ளையிடம் கூறிவையுங்கள்.