அணுகுண்டும் அறமும்

விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டு எங்கள் ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி மகேந்திரவர்மப் பல்லவன் பாறையில் குடைந்த கோயில் அங்குள்ளது. விடுமுறை நாளொன்றில் அதன் நிழலில் நண்பர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. ‘போரை விரைவில் முடிக்க அணுகுண்டு வீசுவது நியாயமா?’ ‘நியாயமே’ என்றவர்களுள் நானும் ஒருவன்.

பின்னர் நூலகத்தில் படித்தேன். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் அழிந்தபின் காலப் நிறுவனம் கருத்துக் கேட்டபோது, அமெரிக்கருள் நூற்றுக்கு 85 பேர் அச்செயலை ஆதரித்தனர். 2015இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, நியாயம் என்றோர் 56 பேரே. ஜப்பானியருள் அவ்வாறு கூறியோர் 14 பேர் மட்டுமே. காலம் மாற விடையும் மாறுகிறது. குண்டு யார் தலையில் விழுந்தது என்பதாலும் மாறுகிறது அன்றோ!

நம் இராஜாஜி 1962இல், தம் 83ஆம் வயதில், வாஷிங்டன் சென்று அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியிடம் வலியுறுத்தினார். 1974இலும் 1998இலும் பொக்ரானில் சோதனை நடத்திய இந்தியாவும், ‘முதலில் பயன்படுத்துவதில்லை’ என்னும் கொள்கையை 2003இல் முறையாக அறிவித்தது.

புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார் ஓர் அறம் கூறுகிறார். பசுக்களும், அந்தணரும், பெண்டிரும், பிணியாளரும், புதல்வரைப் பெறாதவரும் காப்பிடம் சேருங்கள் என அறிவித்த பின்னரே அம்பு பாயுமாம். அணுகுண்டோ எவரையும் விலக்கி வைக்க அறியாது. கருவிலிருக்கும் குழந்தையையும் அதன் கதிர்வீச்சு தாக்கும்.

அன்று நான் கூறிய விடையை இன்று மாற்றிக்கொள்கிறேன். விலகி நிற்க எவருக்கும் இடம் தராத படைக்கலம் எக்காரணத்தாலும் நியாயமாகாது.