9,000 மணித்தியாலம்

அன்பான மருமகளுக்கு,

பத்தாம் வகுப்புக்கான பாடத்தெரிவில் பிள்ளை கட்டுமானத் தொழில்நுட்பத்தைப் போட்டுவிட்ட செய்தி, அம்மாவின் தொலைபேசி வழியாக மாமாவின் காதுக்கும் வந்துவிட்டது. "மார்க்ஸ் இல்லாத பிள்ளைகள் போற வகுப்பல்லோ அது" என்பது அம்மாவின் கவலை. ஸ்காபரோவில் பல வீடுகளில் இதே கவலைதான். பேஸ்மென்ற்றில் குழாய் ஒழுகினால் பிளம்பரின் பில்லைப் பார்த்துப் புலம்புவதும் அதே வீடுகள்தான்.

அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம் உண்டு. 2024 செப்ரெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குள் வந்தவர்களில் தொடங்கி, ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாணவரும் ஒன்பதிலோ பத்திலோ ஒரு தொழில்நுட்பக் கிரெடிட் எடுத்தே ஆகவேண்டும். நாளைக்கு டொக்டராகப் போகிற பிள்ளைக்கும் இது பொருந்தும். ஆகவே இந்த ஒரு வகுப்பால் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்படாது.

உண்மையான தெரிவு பதினொன்றில் வருகிறது. 2006 முதல் பள்ளிகளில் நடக்கும் சிறப்புத் திறன் திட்டத்தில் கட்டுமானமும் ஒரு துறை. அதில் சேர்ந்தால் துறைப் பாடங்கள், முதலுதவி போன்ற சான்றிதழ்கள், வேலைத்தளத்தில் பயிலும் இரண்டு கோ-ஓப் கிரெடிட்கள் எல்லாம் ஒரே கட்டாக வரும். அதோடு, தகுதியுள்ள மாணவர்கள் பள்ளியில் இருக்கும்போதே அப்ரண்டிஸாகப் பதிவுசெய்ய இளையோர் பயிலுநர் திட்டம் இருக்கிறது.

பள்ளிகள் இதைச் சொல்லும்போது "மணித்தியாலங்களை இப்போதே சேர்க்கலாம்" என்பார்கள். கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு கோ-ஓப் கிரெடிட் 110 மணித்தியாலம், இரண்டுக்கு 220. பிள்ளை விரும்பும் 309ஏ என்ற இலக்கம் கொண்ட எலெக்ட்ரீசியன் தொழிலுக்கோ 9,000 மணித்தியாலம் வேண்டும், ஏறக்குறைய ஐந்து வருடம். இடையில் மூன்று கட்டமாக வகுப்பும், முடிவில் 70 வீதம் எடுத்தால்தான் சித்தி என்ற பரீட்சையும் உண்டு. அந்த 220 இதில் எம்மாத்திரம்?

கோ-ஓப்பின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் தடை, பயிலுநராக எடுக்க ஒரு முதலாளியைப் பிடிப்பது. ஒரு தகுதி பெற்ற எலெக்ட்ரீசியனுக்கு ஒரு பயிலுநர் என்பதுதான் ஒன்ராறியோ விகிதம். சின்னக் கொம்பனியில் இடம் ஒன்றோ இரண்டோதான். அந்த இடத்துக்கு முகம் தெரியாத விண்ணப்பம் ஒன்றும், ஒரு தவணை முழுக்க காலை ஏழு மணிக்குத் தவறாமல் வந்து நின்ற பிள்ளையும் போட்டியிட்டால், முதலாளி யாரை எடுப்பார் என்று மாமா சொல்லத் தேவையில்லை.

கணிதத்தை மட்டும் கைவிடக்கூடாது. "கைத்தொழில்தானே" என்று லேசான கணிதத்துக்கு இறங்கும் பிள்ளைகள் பிறகுதான் தவிப்பார்கள். 10 அங்குல உயரத் தடையைத் தாண்ட உலோகக் குழாயை 30 பாகையில் இரண்டு இடத்தில் வளைக்கவேண்டும் என்று வைப்போம். அடையாளங்களுக்கு இடையே 20 அங்குலம் விடவேண்டும். ஏன் 20? சைன் 30 அரை என்பதால். 45 பாகை என்றால் 14 அங்குலத்துக்குச் சற்றே கூட. ஏணியில் நின்றபடி இதைப் போடத் தெரியாதவர் குழாயை வீணாக்கிக்கொண்டே இருப்பார். பதினொன்றில் சார்புகள் பாடத்தை எடுத்து, பன்னிரண்டில் கல்லூரித் தொழில்நுட்பக் கணிதத்துக்குப் போகலாம், முடிந்தால் பௌதிகமும். பயிலுநராகச் சேரச் சட்டம் கேட்பது பத்தாம் வகுப்புத்தான். முதலாளிமார் பெரும்பாலும் பன்னிரண்டு கேட்கிறார்கள்.

தொழில்களுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. எலெக்ட்ரீசியனும் பிளம்பரும் கட்டாய உரிமத் தொழில்கள். சான்றிதழோ பயிலுநர் பதிவோ இல்லாமல் அந்த வேலையைத் தொடக்கூடாது. தச்சு வேலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் சுத்தியல் பிடித்தவர் எல்லாரும் போட்டிக்கு வருவார்கள். மரத்தில் ஆசை இருந்தால் தச்சரும் நல்ல தெரிவுதான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு சைட்டில் என்ன வசதி?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கழிப்பறைகள் உள்ள சைட்டுகளில் ஒன்றாவது பெண்களுக்கு மட்டும் இருக்கவேண்டும் என்பது 2023 ஜூலையில்தான் விதியானது. இவ்வளவு காலம் பிந்தியதே அந்த உலகத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடும். பெப்ரவரிக் குளிரில் கூரை போடாத கட்டடத்துக்குள் நிற்கும் நாட்களும் வரும். உயரத்தில் ஏறுவதற்கு முன் அதற்கான பயிற்சி எடுத்திருக்கவேண்டும். 2015 முதல் அது சட்டம். "பரவாயில்லை, ஏறு" என்று யாராவது சொன்னால் பிள்ளை ஏறக்கூடாது.

இந்தக் கிழமை வழிகாட்டல் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்கட்டும்: அந்தப் பள்ளியிலேயே கட்டுமானச் சிறப்புத் திட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கு மாறவேண்டும் என்பது ஒன்று; முன்பு கோ-ஓப் போனவர்களில் எத்தனை பேரை முதலாளிமார் பயிலுநராகப் பதிந்தார்கள் என்பது மற்றது. இரண்டாவதுக்கு மழுப்பலான பதில் வந்தால் கோ-ஓப் ஆசிரியரையே நேரில் பிடிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு மாமா பேசுவார். பச்சை முக்கோண முத்திரை போட்ட பாதுகாப்புச் சப்பாத்து மாமாவின் செலவு. கால் இன்னும் வளரும், அதனால் இப்போதே வாங்கவேண்டாம்.

அன்புடன்,
மாமா