ஒரே வரியில் ஊரை விட்டுப் போகலாம்

எங்கள் ஊரில் குடியேற வேண்டுமானால் மேயரோ உதவியாளரோ அழைப்பு அனுப்ப வேண்டும். ஊரை விட்டுப் போக யாருடைய அனுமதியும் வேண்டாம். சாட்டில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும், அடுத்த நொடியிலிருந்து அவர் நம் ஊர்க்காரர் இல்லை. மூன்று ஆண்டுகள் மேயராக இருந்ததில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

விளையாட்டு மைன்கிராஃப்ட். உலக வரைபடத்தை 500-ல் ஒரு பங்காகச் சுருக்கிப் பரப்பிய சர்வர் ஒன்றில் ஆடினேன். அங்குள்ள நாடுகள், அரசர்கள், நாடாளுமன்றங்கள், உடன்படிக்கைகள் எல்லாமே ஆடுகிறவர்கள் உண்டாக்கியவை. ஊர்க் கணக்கைப் பார்த்துக்கொள்வது ‘டவுனி’ என்ற பிளக்கின். நிலத்தை 16-க்கு 16 பிளாக் கொண்ட மனைகளாகப் பிரித்து, எது யாருடையது, எங்கே யார் கைவைக்கலாம், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதையெல்லாம் அது நினைவில் வைத்திருக்கும். அந்த வரைபட அளவில் ஒரு பிளாக் 500 மீட்டர், ஒரு மனையின் ஒரு பக்கம் 8 கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெருநகர சென்னை மாநகராட்சி அங்கே ஏழு மனைக்குள் அடங்கிவிடும். டான்யூப் ஆறு கருங்கடலில் சேரும் முனையில் நான் ஊர் தொடங்கியபோது என் கையில் இருந்தது ஒரே ஒரு மனை.

ஊர் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வது, கஜானாவைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வரில் ‘புது நாள்’ பிறக்கும். அப்போது வரி வசூலாகும், ஊரின் பராமரிப்புத் தொகை கஜானாவிலிருந்து கழியும். கழிக்கப் பணம் இல்லையென்றால் சில சர்வர்களில் ஊர் கடனில் விழும், சிலவற்றில் பாழூராகி மேயரின் கையைவிட்டே போய்விடும். அடுத்த மனையை வாங்கும் ஆசை வரும்போதெல்லாம், நான் ஒரு மாதம் வராமல் போனால் இந்தக் கஜானா தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். தாங்காது என்றால் வாங்க மாட்டேன். வேகமாக விரிந்த பக்கத்து ஊர்கள் பல, மேயருக்குத் தேர்வு வந்த மாதத்தில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வரியில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. வரியைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்கலாம், அல்லது கையிருப்பில் இத்தனை சதவீதம் என்று வைக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், கட்ட முடியாதவரைப் பிளக்கின் தானே ஊரிலிருந்து நீக்கிவிடும். துறைமுகம் கட்டப் பணம் வேண்டுமென்று ஓர் இரவு வரியை இரண்டு மடங்காக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மூன்று பேர் இல்லை. மூவரும் அந்த வாரம்தான் வந்தவர்கள். கையில் காசு சேருவதற்கு முன்பே புது நாள் பிறந்து அவர்களைத் துடைத்துவிட்டிருந்தது. ஒருவர் மட்டும், நான் என்ன தப்பு செய்தேன் என்று எழுதிக் கேட்டிருந்தார். நிஜ ஊரில் வரி பாக்கி என்றால் நோட்டீஸ் வரும், தவணை கேட்கலாம், ஆளைப் பார்த்துப் பேசலாம். இங்கே விதியை எழுதிவிட்டால் அது இரக்கம் பார்க்காது, ஆகவே எழுதும்போதே நாம் பார்க்க வேண்டும். அன்றே சதவீத வரிக்கு மாறினேன். இன்னொன்றும் செய்தேன். எங்கள் சர்வரில் மேயருக்கும் உதவியாளருக்கும் வரிவிலக்கு உண்டு. ஊரில் அதிகம் கட்டுகிறவர் எவ்வளவு கட்டுகிறாரோ அதே தொகையை நானும் தினமும் கஜானாவில் போடத் தொடங்கினேன். அதற்குப் பிறகு வரியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வந்தது.

இனிச் சொல்வதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

டவுனியில் நான்கு உரிமைகள் உண்டு: கட்டுவது, உடைப்பது, இயக்குவது, பொருளைப் பயன்படுத்துவது. ஊர்க்காரருக்கு, நாட்டுக்காரருக்கு, கூட்டணிக்காரருக்கு, வெளியாருக்கு என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். வந்து போகிறவர்கள் கதவைத் திறக்க முடியாமல் நின்றதைப் பார்த்து, வெளியாருக்கு ‘இயக்கும்’ உரிமையைக் கொடுத்தேன். கதவும் பெட்டியும் ஒரே உரிமைக்குள் வருகின்றன என்பது எனக்குத் தெரியாது. வீட்டு மனைகளில் அவரவர் உரிமை அவரவர் கையில் இருந்ததால் அவை தப்பின. ஊர்ப் பொதுமனையில் இருந்த களஞ்சியம் தப்பவில்லை. இரும்பு, ரொட்டி, துறைமுகத்துக்காக எல்லோரும் சேர்ந்து வெட்டிக் கொடுத்த மரம் எல்லாம் ஒரே இரவில் காலி.

அப்போது ஊரில் பள்ளி மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ்ப் பையன், என்னை நம்பி வந்தவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆற்று முகத்தில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தான். அந்த இரவு கடைசிவரை இருந்தவன் அவன்தான், மறுநாள் சந்தையில் இரும்பு விற்றவனும் அவன்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர்ச் சாட்டில், எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டேன். “நான் எடுக்கலைக்கா, அது என் இரும்பு” என்றான். சொந்தமாக வெட்டிய சுரங்கத்தைக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்றும் சொன்னான். நான் போகவில்லை. விசாரணை முடியும்வரை சந்தைக்கு வரக்கூடாது என்றேன். அவன் அந்த ஒரு வரியைத் தட்டினான். மனை தானாக ஊர்ச் சொத்தாகிவிட்டது, கலங்கரை விளக்கம் பாதியில் நின்றது.

பெட்டியில் எதை யார் எப்போது எடுத்தார்கள் என்பதைப் பதிந்து வைக்கும் ‘கோர்புரொடெக்ட்’ என்ற பிளக்கின் பல சர்வர்களில் உண்டு. நிர்வாகிகளிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு அது தெரிந்தும், கேட்டது இரண்டு நாள் கழித்து. எடுத்தது எங்கள் ஊரிலேயே இல்லாத ஒருவர். கதவைத் திறந்து விட்டவள் நான்.

மன்னிப்பை அதே ஊர்ச் சாட்டில், எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன். அவனுக்குத் தனியாகவும் எழுதினேன். பரவாயில்லைக்கா என்று பதில் போட்டான். ஆனால் திரும்பி வரவில்லை, புதிய ஊரில் அவனுக்கு நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். அந்த மாதமே இன்னும் நான்கு பேர் போனார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த எந்த வழக்கிலும் பதிவைப் பார்க்காமல் யார் பெயரையும் வெளியே சொன்னதில்லை. முதலில் தனியாகக் கேட்பது, காட்டுகிறேன் என்று சொன்னால் நடந்து போய்ப் பார்ப்பது, தீர்ப்பை என்னைத் தவிர இன்னும் இருவர் ஒப்புக்கொண்ட பிறகே அறிவிப்பது என்று வைத்துக்கொண்டோம். உரிமைகளை மாற்றினால், ஊரில் சேராத ஒரு நண்பரை வரவழைத்து, எதையெல்லாம் திறக்க முடிகிறது என்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். வெளியார் புழங்கும் சந்தையைத் தனி மனையில் வையுங்கள், அங்கே பெட்டி எதுவும் வேண்டாம்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. மனை விற்பதற்கு முன்னால் சாலை போடுங்கள். ஜாவா பதிப்பில் எஃப்3-யையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் 16 பிளாக் எல்லைக்கோடுகள் தெரியும். பெருஞ்சாலைக்கு ஒரு முழு மனை வரிசையையே ஊர்ப் பெயரில் விட்டுவிடுவது நல்லது. விற்ற மனைக்குள் சாலை ஓடினால் நாளை அங்கே ஒரு கோழிப்பண்ணை நிற்கும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமையும் இருக்காது.

ஆள் எண்ணிக்கை ஒரு மயக்கம். டவுனியின் வழக்கமான அமைப்பில் 20 பேர் சேர்ந்தால் ஊர் ‘நகரம்’ ஆகும், 28 பேர் சேர்ந்தால் ‘மாநகரம்’. மேயரின் பெயருக்கு முன்னால் வரும் பட்டமும் மாறும், வாங்கக்கூடிய மனைகளும் கூடும். அந்தப் பட்டத்துக்காகக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினேன். பட்டியலில் 31 பேர் இருந்த நாளில் அந்த வாரம் உள்ளே வந்து போனவர்களை எண்ணினேன், எட்டுப் பேர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்த எட்டைத்தான் எண்ணினேன். புதிதாக வருகிறவரின் முதல் அரைமணி நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெறும் நிலத்தைக் காட்டிவிட்டு, கட்டிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டால் அவர் மறுநாள் வருவது அரிது. ஒரு வேலை கொடுத்தால் வருவார். பாலத்துக்குக் கல் குறைகிறது, ஒரு பெட்டி கொண்டு வர முடியுமா என்று கேட்டால், நாளைக்குப் பாலம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கவாவது வருவார்.

அந்த அரைமணி நேரம் பெரும்பாலும் எனக்கு நடுராத்திரி. சர்வரில் பாதிப்பேர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். நமக்கு அதிகாலை மூன்று மணி என்றால் நியூயார்க்கில் மாலை, பள்ளி முடிந்து பிள்ளைகள் உட்காரும் நேரம். அதனால் உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது திறமையைவிட நேரத்தைப் பார்த்தேன். மூன்று உதவியாளர்கள், மூன்று நேர மண்டலங்கள், எல்லோருக்கும் அழைப்பு அனுப்பும் அதிகாரம். கஜானாவிலிருந்து எடுக்கும் அதிகாரம் எந்தப் பதவிக்கு உண்டு என்பது சர்வருக்குச் சர்வர் மாறும், பதவி கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஒரு நாட்டோடு சேர்ந்தபோது எங்களுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதினேன். பதினான்கு பக்கம். அதை முழுக்கப் படித்தவர் யாருமில்லை என்பது முதல் தேர்தலிலேயே தெரிந்தது. ஊர் நடுவில் ஒரு சாய்மேசை வைத்து, ஏழு விதிகள் மட்டும் எழுதிய புத்தகத்தை அதில் திறந்து வைத்தோம். அதை எல்லோரும் படித்தார்கள், மேற்கோள் காட்டி என்னோடு சண்டையும் போட்டார்கள். ஏழில் ஒன்று: நிஜப் பெயர், பள்ளி, முகவரி எதையும் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. ஊரில் பாதிப்பேர் சிறுவர்கள். அவர்களுக்கு மேயர் என்பவர் ஒரு பெரியவர், அந்த நினைப்பு நமக்கு ஒரு நிமிடம்கூடத் தவறக்கூடாது.

வேலை மாறியதும் என்னால் தினமும் வர முடியவில்லை. ஆர்வம் வற்றிய மேயர்கள் சொல்லாமல் மறைந்து ஊர்கள் பாழானதைப் பார்த்தவள் என்பதால், இரண்டு மாதம் முன்பே அறிவித்து, தேர்தல் வைத்து, ஒரே கட்டளையில் பதவியை மாற்றிக் கொடுத்தேன். புது மேயரிடம் ஒரு புத்தகமும் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது: கஜானாவில் 45 நாள் இருப்பு உள்ளது. கிழக்குப் பாலத்தின் மூன்றாம் தூண் ஆற்றுப் பக்கம் வலுவில்லை. ஊர்க்காரர் இருவருக்குள் ஆட்டுப்பட்டி எல்லை பற்றிப் பேச்சு இருக்கிறது, இருவரிடமும் தனித்தனியாகப் பேசவும். ஆற்று முகத்து மனையை விற்க வேண்டாம்.

கடைசி வரி எதற்கு என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பாதியில் நின்ற கலங்கரை விளக்கத்தைச் சுற்றி வேலி போட்டு, கட்டியவன் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.