போட்டுக்கொடுத்தவன்

அன்புள்ள மருமகனுக்கு,

சீனியர்கள் முதலாண்டுப் பையன்களை நள்ளிரவில் வராந்தாவில் முட்டி போட வைத்ததை நீ வார்டனிடம் சொன்னாயாம். அதிலிருந்து விடுதியில் உன்னை எல்லாரும் ‘எட்டப்பன்’ என்கிறார்களாம். அக்கா போனில் சொல்லி வருத்தப்பட்டாள்.

முதலில் அந்தப் பெயரின் கதையைக் கேள். எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். 1799-இல் அவர்கள் கும்பினியார் பக்கம் நின்றது உண்மை. ஆனால் ஒளிந்து நின்று துப்புச் சொல்லவில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் பகையாளியாக வெளிப்படையாகவே நின்றார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1959-இல் சிவாஜி கட்டபொம்மனாக நடித்த படம் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. காட்டிக்கொடுத்த பழி எட்டயபுரத்தின் தலையிலேயே நிலைத்துவிட்டது. வசைப்பெயர் வைப்பவர்கள் விசாரணை நடத்திவிட்டு வைப்பதில்லை.

‘போட்டுக்கொடுத்துட்டான்’ என்பதும் அப்படித்தான். பக்கத்து சீட்டுக்காரர் தாமதமாக வந்ததை மேனேஜர் காதில் ஓதி நல்ல பெயர் வாங்குபவனுக்கும் அதே சொல், அடிபடுகிறவனுக்காக வாய் திறந்தவனுக்கும் அதே சொல். முன்னவன் தனக்காகச் சொல்கிறான். நீ சொன்னதால் உனக்குக் கிடைத்தது கெட்ட பெயர் மட்டும்தான். அதுவே உன் பக்கம் சாட்சி.

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997-இல் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது; இரண்டு ஆண்டுவரை சிறை. சட்டம் இருந்தாலும் யாராவது போய்ச் சொன்னால்தான் அது அசையும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இனி வார்டன் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, “அப்புறம் தம்பி, ராத்திரி யார் யார் சுவரேறிப் படத்துக்குப் போறாங்க?” என்பார். அந்த டீ ருசிக்கும். பெரிய மனுஷன் நம்மை நம்புகிறார் என்று நெஞ்சு நிமிரும். அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால், நேற்றுவரை பொய்யாக இருந்த பெயர் நாளை முதல் மெய்யாகிவிடும்.

“யாரையாவது அடிச்சா நானே வந்து சொல்றேன் சார். மத்தது எனக்குத் தெரியாது” என்று எழுந்து வந்துவிடு. அதே பேச்சை அந்த சீனியர்கள் எதிரிலும் சொல். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முதுகுக்குப் பின்னாலும் சொல்லாதே.

அன்புடன்,
மாமா