லாரியும் கிடங்கும் ஒரே கையில்

சரக்குப் போக்குவரத்து என்றதும் லாரிதான் நம் கண்முன் வரும். ஆனால் ஒரு மூட்டை சாலையில் ஓடும் நேரத்தைவிடக் கிடங்கில் காத்துக் கிடக்கும் நேரமே பெரும்பாலும் அதிகம். இந்த இரு வேலைகளையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஏன் என்பதை, எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றோடு இங்கே விளக்க முயல்கிறேன்.

என் மாமா திருவண்ணாமலையில் அரிசி வியாபாரி. ஒரு வருடம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் ஆரணியிலிருந்து அவருக்கு லோடு வந்தது. தீபத்தின்போது கனரக வாகனங்களை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பது நாம் அறிந்ததே. லாரி வேலூர் சாலையிலேயே நின்றுவிட்டது. தகவல் தெரியாத கிடங்குக்காரர் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி நல்ல மழை. தார்ப்பாய் ஓரமாகத் தண்ணீர் இறங்கி நாற்பது மூட்டை நனைந்துவிட்டது.

மறுநாள் மாமா போய்க் கேட்டார். "நான் நேரத்துக்கு வந்துட்டேன் மொதலாளி, எறக்க ஆளில்லன்னா நான் என்ன பண்றது?" என்றார் லாரிக்காரர். "என் கேட்டுக்குள்ளயே வராத சரக்குக்கு நானா பொறுப்பு?" என்றார் கிடங்குக்காரர். நஷ்டம் முழுவதும் மாமா தலையில் விழுந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. லாரிக்குச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 உண்டு. பதிவு பெற்ற கிடங்குக்கும் அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. ஆனால் பொறுப்பு யாரிடம், எந்த நேரத்தில் கைமாற வேண்டும் என்று சொல்லும் காகிதம் மாமாவிடம் இல்லை.

ஒரே நிறுவனம் என்றால் லாரி எப்போது வரும் என்பது கிடங்குப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். தீபமா, பௌர்ணமியா என்று பார்த்து நாளை மாற்றலாம். ஏற்றும்போது போட்ட எடையும் இறக்கும்போது போட்ட எடையும் ஒரே கணக்கில் நிற்கும். குறை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே.

1957-ல் தொடங்கப்பட்ட மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகத்தின் முக்கியப் பணி சேமிப்பு. சரக்கைக் கையாள்வதும் கொண்டு செல்வதும் அதன் பணிகளில் அடங்கும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் இந்த முறை மேலும் பரவியது. அதற்கு முன் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்கவே பல கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்திருந்தன. வரி மாறியதும் சிறு கிடங்குகளைக் குறைத்துப் பெரிய கிடங்குகளுக்கு மாறின. கிடங்கு தூரமானால், லாரி நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும் அல்லவா?

இதில் ஆபத்தும் உண்டு. அந்த ஒரு நிறுவனம் முடங்கினால் லாரியும் நிற்கும், கிடங்கும் பூட்டிக் கிடக்கும். வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றினாலும் சிறு வியாபாரி சட்டென்று வேறிடம் போக முடியாது. ஆகவே எடை போடும் இடம், மழைக்கான பொறுப்பு, காப்பீடு, விலகுவதற்கான கெடு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மாமா இப்போது இரண்டையும் ஒருவரிடமே கொடுத்திருக்கிறார். "கூலி கொஞ்சம் கூடத்தான்டா. ஆனா மழை வந்தா யாருக்குப் போன் போடணும்னு தெரியுது" என்கிறார். நாளை நம்மில் சிலர் ஸ்டோர்ஸிலோ டெஸ்பாட்சிலோ வேலைக்குச் சேரலாம். சரக்கு கைமாறும் இடத்தில் கையெழுத்து யாருடையது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.