கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

கேள்வி: ஆலைக் கழிவால் மீன்களெல்லாம் மடிந்துபோன நீரிலும் பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்திருப்பது எப்படி?

பதில்: மனிதராகிய நமக்கு ஜீன்கள் பெற்றோர் வழியாக வரும் பிதுரார்ஜிதம் மாத்திரமே, பாக்டீரியாக்களோ அண்டை அயலாரிடமிருந்தும் அவற்றைத் தானமாகப் பெறவல்லவை. இவ்வாறு ஜீன்கள் கலப்பதை 1946-இல் லெடர்பெர்க், டேட்டம் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்தனர். ஜீன்களைத் தாங்கிய, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் பிரதியொன்றை, ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போல, தன்னிடமுள்ளது குறையாமலே ஒரு கிருமி தன்னைத் தொட்டு நிற்கும் மற்றொன்றுக்கு வழங்கிவிடும்.

பாதரசம் கலந்த சேற்றில், அவ்விஷத்தை ஆவியாகப் பறந்துபோகும் உலோகப் பாதரசமாக மாற்றும் நொதிக்குரிய ஜீன் ஒரு கிருமியிடம் இருக்குமாயின், அது வேற்றினக் கிருமிகளுக்கும் பரவ, பெறாதவை மடிந்து, பெற்றவை பல்கிப் பெருகுகின்றன. இதில் நாம் அஞ்சவேண்டிய விஷயமும் ஒன்றுண்டு: அந்த ஜீனோடு மருந்துகளை எதிர்க்கும் ஜீன்களும் பல சமயம் ஒரே டி.என்.ஏ. துண்டில் பிணைந்திருப்பதால், ஆற்றில் பாதரசக் கழிவைக் கொட்டுகிறவர், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் தம்மையறியாமல் வளர்த்துவிடுகிறார்.